வலக்கையில் ஒரு நூலும் ஒரு வாரும்

ஏப்ரல் 3, வியாழன்

இந்த வருசத்து முதல் றேஸ் இண்டைக்கு. வெளிச்சம் இருக்கும்போதே பெரிலும் நானும் முதலாவது வளைவில் எங்கட இடத்தைப் பிடித்துவிட்டோம். பெரில் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி. என்னைவிட மூத்தவள், ஆனால் ஒப்புக்கொள்ளமாட்டாள். நான் ஊரை விட்டு, மகள் வீட்டோடு இருக்க இந்த இங்கிலீசுக்கார ஊர் எல்டன்பிக்கு வந்த புதிதில், பகல் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த என்னை இழுத்துக்கொண்டு போய் இந்த மண் வட்டத்தின் ஓரத்தில் நிறுத்தியவள் அவள்தான். அதுக்குப் பிறகு ஒரு வியாழனும் நான் தவறவிடவில்லை. தடிமன் காய்ச்சல் என்றால்கூட வியாழன் தாண்டித்தான் படுப்பேன்.

நாலு பேர், நாலு சுற்று, ஒரு நிமிசம். முதல் வாறவனுக்கு மூண்டு புள்ளி, பிறகு ரெண்டு, ஒண்டு. அவ்வளவுதான் ஸ்பீட்வே. மோட்டச்சைக்கிளுக்குப் பிறேக் இல்லை. முதல் நாள் அதைக் கேட்டபோது இவங்களுக்கு விசர் என்று நினைத்தேன். இப்ப என்னைக் கேட்டால் பிறேக் இருந்தால்தான் ஆபத்து என்பேன். முன்னுக்குப் போகிறவன் பயந்து பிடித்தான் என்றால் பின்னால் வாற மூண்டு பேரும் அவன் முதுகில் ஏறுவார்கள். பிறேக் இல்லாதபடியால் ஒருத்தனும் திடீரென்று நிற்கமாட்டான் என்று எல்லாருக்கும் தெரியும். அந்த நம்பிக்கையில்தான் ஓடுகிறார்கள்.

எங்கட அணிக்கு ஹெரன்ஸ் என்று பெயர். கொக்குகள். எங்கட ஆக்கள் சிவப்பு, நீல ஹெல்மெற். வெளியூரிலிருந்து வந்த ஆக்கள் வெள்ளை, மஞ்சள். இண்டைக்குக் கொக்குகள் 49, வந்தவர்கள் 41.

இந்த வருசம் என்ர பேத்தி ஆரணி கம்பி வேலிக்கு உள்ளே நிற்கிறாள். பார்க்க வந்தவளாக இல்லை, மெக்கானிக்காக. ஜறட் என்கிற அவுஸ்திரேலியப் பொடியனுடைய ரெண்டு மோட்டச்சைக்கிளும் அவள் பொறுப்பு. கழுத்தில் ஒரு அட்டை, அதில் அவளுடைய முழுப் பெயர். எல்டன்பியில் ஒரு பெட்டை உள்ளே நின்று எஞ்சின் பூட்டுவது இதுதான் முதல்தரம் என்று பெரில் சொன்னாள். நான் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. எனக்குக் கிட்ட நின்ற நாலைந்து பேருக்கு மட்டும் சொன்னேன்.

ஏப்ரல் 5, சனி

ஜறட்டின் சாமானெல்லாம் எங்கட பின் வளவில் காய்கிறது. அவன் இருக்கிற அறையில் உடுப்புக் காயப்போட இடமில்லை. ஆனபடியால் சனிக்கிழமை இஞ்சை வருவான், கழுவுவான், சாப்பிடுவான். புட்டும் சம்பலும் கொடுத்தால் கையாலேயே சாப்பிடுகிறான். ஆரணியைப் பார்த்து அவனும் என்னை அம்மம்மா என்றுதான் கூப்பிடுகிறான். அவன் வாயில் அது வேறு ஏதோ ஊர்ப் பெயர் மாதிரிக் கேட்கும்.

சாமான்களைப் பற்றி என்ர எண்ணத்தை எழுதிவைக்கிறேன், ஏனென்றால் இந்த வீட்டில் வேறு ஒருவரும் கேட்கிறார்கள் இல்லை. முதுகுக் கவசம் நல்லது. ஆமையின்ர ஓடு மாதிரி. அது இல்லாமல் ஓடுகிறவனுக்குத் தாய் இல்லை என்று அர்த்தம். இடது காலுக்கு ஒரு இரும்புச் சப்பாத்து. வளைவில் அந்தக் காலை மண்ணில் இழுத்துக்கொண்டு போவதுக்கு. தூக்கிப் பார்த்தேன், எங்கட தோசைக்கல்லின் பாரம். கண்ணாடிக்கு மேல் மெல்லிய தாள்கள் ஒட்டி இருக்கும், மண் அடித்தால் ஒவ்வொன்றாக உரித்து எறிவார்கள். வெங்காயம் மாதிரி. வளைவுகளில் சுவருக்கு முன்னால் காற்று நிரப்பின பெரிய மெத்தை வேலி. அதைக் கண்டுபிடித்தவனுக்கு ஒரு கோயிலே கட்டலாம்.

எல்லாத்திலும் எனக்குப் பிடித்தது வலக்கை வார். சின்ன வார்தான். மணிக்கட்டில் சுற்றி ஒட்டுவார்கள். அதிலிருந்து ஒரு கயிறு எஞ்சினுக்குப் போகிறது. ஆள் விழுந்தால் கயிறு இழுபடும், இழுபட்டால் எஞ்சின் நிற்கும். ஆள் இல்லாமல் மோட்டச்சைக்கிள் தன்பாட்டில் ஓடக்கூடாது என்பதுக்கு.

மகள் வசந்தி ஜன்னலால் எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, இது வீடோ கராஜோ?"

"ரெண்டும்தான்."

"படிச்ச பிள்ளை. கையெல்லாம் எண்ணெய். நாளைக்கு ஆர் கேப்பினம் இவளை?"

"எண்ணெய் சோப்புப் போட்டாப் போகும் பிள்ளை. நீ உள்ளை போய்க் கறியைப் பார்."

ஏப்ரல் 10, வியாழன்

வெளியூரில் றேஸ். ஆரணி வான் ஓட்டிக்கொண்டு போனாள். ஜறட்டுக்கு நாலு புள்ளிதானாம். ஒருக்கால் விழுந்தும் போனானாம், தோள் கன்றிவிட்டதாம். அவனுடைய தாய் எத்தினை ஆயிரம் மைல் தள்ளி இருக்கிறாள். இதை அவளுக்குச் சொல்லியிருக்கமாட்டான்.

ஏப்ரல் 14, திங்கள்

வருசப் பிறப்பு. வசந்தி கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள், ஒன்றரை மணித்தியால ஓட்டம். ஜறட் பெயரில் அர்ச்சனை செய்தேன். நட்சத்திரம் என்ன என்று ஐயர் கேட்டார். தெரியாது, அவுஸ்திரேலியா என்றேன். அவரும் ஒருமாதிரிச் சமாளித்துவிட்டார். பூசையில் வைத்த நூல் ஒன்று வாங்கி வந்தேன். மெல்லிசாக இருந்தது. வீட்டில் மஞ்சள் நூல் நாலு இழை சேர்த்து முறுக்கித் தடிப்பாக்கினேன். அவன் செய்கிற வேலைக்கு மெல்லிசு நூல் காணுமோ.

ஏப்ரல் 15, செவ்வாய்

ஜறட்டை வரச்சொல்லி நூலைக் கட்டிவிட்டேன். ஐயர் என்றால் ஒரு முடிச்சுத்தான் போடுவார். நான் மூண்டு போட்டேன்.

"இதை எப்ப கழட்டலாம்?" என்று கேட்டான்.

"கழட்டக்கூடாது. தானா அறுந்து விழவேணும். கத்தி வைக்கக்கூடாது."

ஆரணி பார்த்துக்கொண்டு நின்றாள். "அம்மம்மா, இடக்கையிலை கட்டினால் என்ன?"

"பெட்டையளுக்குத்தான் இடக்கை. ஆம்பிளைக்கு வலக்கை. இதுகூடத் தெரியாதே உனக்கு?"

அவள் வாயைத் திறந்தாள், பிறகு மூடினாள். ஜறட் கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துச் சிரித்தான். அவனுக்குச் சரியான சந்தோசம்.

ஏப்ரல் 17, வியாழன்

பன்னிரண்டு புள்ளி. மூண்டு றேஸில் முதலாவதாக வந்தான். போன கிழமை நாலு, இந்தக் கிழமை பன்னிரண்டு. அதுக்கு என்ன காரணம் என்று நான் பெரிலுக்குச் சொன்னேன். பெரில், ஆரணி புதுச் செயின் போட்டவள், அதுதான் என்றாள். செயினும் இருக்கலாம்.

ஏப்ரல் 20, ஞாயிறு

மழை. ஒடியல் கூழ் காய்ச்சினேன். வேறொன்றும் இல்லை.

ஏப்ரல் 24, வியாழன்

ஒருத்தருக்கும் ஒன்றும் இல்லை. அதை முதல் எழுதுகிறேன்.

ஆறாவது றேஸ். ஜறட் நீல ஹெல்மெற். மூண்டாவது வளைவில் மஞ்சள் ஹெல்மெற்காரனின் கைபிடி இவனில் பட்டது. ஜறட் விழுந்து உருண்டு போனான். விழுகிறது புதிதில்லை, எல்லாரும் விழுகிறவர்கள்தான். ஆனால் எஞ்சின் நிற்கவில்லை. வேகம் கூட்டுகிற திருகுபிடிக்குள் மண் புகுந்து இறுகிவிட்டதாம். ஆள் இல்லாத மோட்டச்சைக்கிள் பேய் பிடித்ததுபோலக் கத்திக்கொண்டு காற்று வேலியில் ஏறி, அதைக் கிழித்து, அங்காலை நின்ற, மண் நிரவுகிற ட்ராக்டருக்கு மேல் போய் விழுந்தது. பிறகும் கத்திக்கொண்டு கிடந்தது. ட்ராக்டர் ஓட்டுகிறவர் அந்த நேரம் தேத்தண்ணி வாங்கப் போயிருந்தார். இல்லையென்றால் நான் இண்டைக்கு இதை எழுதமாட்டேன்.

ஜறட் எழும்பி நின்றான். சனம் கைதட்டியது. எனக்குக் கை எழும்பவில்லை. வேலி தைக்க முக்கால் மணித்தியாலம் பிடித்தது. அந்த நேரம் முழுக்க உள்ளே அணி மனேச்சர் கீத் ஆரணியோடு கதைத்துக்கொண்டு நின்றார். கதைத்தது அவர்தான். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வந்த ஆக்கள்தான் வென்றார்கள். எண்ணிக்கையைப் பெரிலிடம் கேட்டு எழுதவேணும்.

ஏப்ரல் 25, வெள்ளி

ஆரணி தன்ர பகல் வேலைக்குப் போகமுதல் என்னோடு குசினியில் இருந்தாள். எஞ்சின் நிப்பாட்டுகிற கயிறும் சரியாம், அதைப் பூட்டின இடமும் சரியாம். வார் மட்டும் ஒட்டினது ஒட்டினபடி கயிற்று நுனியில் தொங்கிக்கொண்டு கிடந்ததாம். அதாவது இழுபடாமல் கையிலிருந்து கழன்று விழுந்திருக்கிறது. அவ்வளவு இளக்கமாகக் கட்டியிருந்தது.

"ஏன் இளக்கமாக் கட்டினவன்?" என்று கேட்டேன்.

தேத்தண்ணியைக் குடித்தாள். "தெரியேல்லை அம்மம்மா. தொடங்கிற கோட்டிலை நிக்கேக்கை வாரைப் பாக்கவேண்டியது என்ர வேலை. நான்தான் பாத்திருக்கவேணும்."

கோப்பையைக் கழுவிக்கொண்டு, "அந்த நூல் எவ்வளவு நாளைக்கு இருக்கும்?" என்றாள்.

"அது பாட்டுக்கு இருக்கும். ஏன்?"

"சும்மா கேட்டனான்."

நூலைப் பற்றி இப்ப என்ன கதை. அவன் முறியாமல் தப்பினதே அதாலைதான். உளுந்து ஊறப்போட்டேன்.

ஏப்ரல் 26, சனி

ஜறட் சாமான் கழுவ வரவில்லை. வடை மிஞ்சிப்போச்சு.

ஏப்ரல் 27, ஞாயிறு

பெரில்தான் சொன்னாள். ஆரணி எனக்குச் சொல்லவில்லை. வாற வியாழன் ஜறட்டுக்கு வேறு மெக்கானிக் வருகிறானாம். ஆரணி வந்து அட்டையைத் திருப்பிக் கொடுக்கவேணுமாம். கீத் கூடாத மனிசன் இல்லை என்றும் சொன்னாள். ட்ராக்டருக்குப் பக்கத்தில் ஆள் நின்றிருந்தால் கீத்தைத்தான் பிடித்து மறியலில் போடுவார்கள், அந்தப் பயத்தில் செய்கிறார் என்றாள்.

வசந்திக்கு இது நல்ல செய்தி. காட்டிக்கொள்ளவில்லை, ஆனால் ஆட்டிறைச்சி வாங்கி வந்தாள். சாப்பிடும்போது ஆரணியிடம், "விடு பிள்ளை, அந்த வங்கி வேலைக்கு எழுதிப்போடு" என்றாள். ஆரணி ஓம் என்றாள். அவள் ஓம் என்று சொன்னதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. சின்னனிலிருந்து இந்தப் பிள்ளை தாய்க்கு ஒருக்காலும் உடனே ஓம் சொன்னதில்லை.

ஏப்ரல் 28, திங்கள்

ஜறட் வந்தான். ஆரணி வேலை முடிந்து இன்னும் வரவில்லை. கவலையோடு இருந்தான். கீத்திடம் மூண்டு தரம் கதைத்தானாம், பிழை தன்னுடையது என்று. ஏன் இளக்கமாகக் கட்டினாய் என்று கீத் கேட்டாராம். மறந்துபோனேன் என்று சொன்னானாம். மறக்கிற ஆள் இல்லை நீ என்று கீத் சொன்னாராம்.

"நீ மறந்தியோ தம்பி?" என்று கேட்டேன்.

"மறந்துபோனன் அம்மம்மா." என்னைப் பார்க்காமல் சொன்னான்.

கையைக் காட்டச் சொன்னேன். நூலுக்குக் கீழே மூண்டு முடிச்சும் பதிந்து மூண்டு குழி. சுற்றி வர நாவல் நிறம். எண்ணெய் தடவிவிட்டேன். வலிக்கவில்லை என்றான். ஆனால் தொட்டவுடன் கையை இழுத்துக்கொண்டான்.

அவன் போன பிறகு, ஆரணி துடைத்து மேசையில் வைத்திருந்த, அவனுடைய மற்ற மோட்டச்சைக்கிளின் வாரை எடுத்தேன். என்ர காப்புக்கு மேலால் சுற்றி ஒட்டினேன். இறுக்கினால் காப்பு எலும்பில் குத்தியது. குத்தாமல் இளக்கினேன். கையை ஒருக்கால் உதறினேன். வார் ஒட்டினது ஒட்டினபடி கழன்று, பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குள் விழுந்தது.

"என்னம்மா செய்யிறியள்?" என்று வசந்தி கேட்டாள்.

"கை கழுவிறன்" என்றேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

ஐயருக்கு ரெலிபோன் எடுத்துக் கேட்க நினைத்தேன். கேட்டால் கூடாது என்று சொல்லிவிடுவார். ஆனபடியால் கேட்கவில்லை.

ஏப்ரல் 30, புதன்

றோல்ஸ் பொரித்தேன். நாப்பது. மீன் வெட்டுகிற கத்திரிக்கோலைத் தேய்த்துத் துடைத்துக் கைப்பைக்குள் வைத்தேன்.

மே 1, வியாழன்

ஆரணியுடைய வானில் நானும் ஏறினேன். அட்டையைக் கொடுத்துவிட்டு உடனே திரும்பிவிடுவேன், நீங்கள் ஏன் என்றாள். றோல்ஸ் கொடுக்க என்றேன். வடிவாகத் தலை இழுத்துக் கட்டியிருந்தாள். உள்ளே வேலை செய்யும்போது கட்டுவது மாதிரியே.

பார்க்க வந்த ஆக்களை உள்ளே விடமாட்டார்கள். வாசலில் நின்ற மனிசன் பெட்டியைப் பார்த்தான், ரெண்டு எடுத்துக்கொண்டான், என்னைப் பார்க்காத மாதிரி நின்றான்.

கீத் ஒரு எண்ணெய் பீப்பாவுக்குப் பக்கத்தில் நின்றார். ஜறட் உடுப்புப் போட்டு ஆயத்தமாக இருந்தான், கையுறை மட்டும் போடவில்லை. புது மெக்கானிக் அவனுடைய சில்லுக்குக் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆரணி அட்டையைக் கழற்றி நீட்டினாள். கீத் வாங்க முதல் நான் நடுவுக்குப் போனேன். என்ர இங்கிலீசு பால் வாங்கக் காணும், சண்டை பிடிக்கவும் காணும். இடைப்பட்ட கதைக்குத்தான் காணாது.

"ஜறட், கையைத் தா" என்றேன்.

கத்திரிக்கோலைக் கண்டவுடன் கையைப் பின்னால் ஒளித்தான். "அம்மம்மா, கத்தி வைக்கக்கூடாதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

"அது உனக்கு. எனக்கில்லை. தா மோனே."

தந்தான். ஒரு வெட்டில் போகவில்லை, தடிப்பு. மூண்டாவது வெட்டில் அறுந்தது. அவனுடைய மணிக்கட்டைத் திருப்பிக் கீத்துக்குக் காட்டினேன். நாவல் நிறத்தில் மூண்டு குழி. நான் கொண்டுபோன மற்ற வாரைக் கைப்பையிலிருந்து எடுத்து என்ர காப்புக்கு மேல் இளக்கமாகச் சுற்றி, கையை உதறிக் காட்டினேன். வார் அவருடைய சப்பாத்தில் போய் விழுந்தது.

"நான் கட்டினது" என்றேன். "மூண்டு முடிச்சும் நான்தான். இவளில்லை."

கீத் குனிந்து வாரை எடுத்தார். ஆரணியைப் பார்த்தார். "உனக்கு இது தெரியுமோ?"

"தெரியும். இறுக்கச் சொன்னனான். முடிச்சு நோகுது எண்டான். நான் விட்டிட்டன். அது என்ர பிழைதான்."

"பிறகேன் எனக்குச் சொல்லேல்லை?"

ஆரணி என்னைப் பார்த்தாள். ஜறட்டும் என்னைப் பார்த்தான். கீத்தும் திரும்பி என்னைப் பார்த்தார். நான் றோல்ஸ் பெட்டியைத் திறந்து நீட்டினேன்.

கீத் ஒன்று எடுத்தார். கடித்தார். ஆறுதலாக மென்று விழுங்கினார்.

"இவனுக்குக் கிழவி பாவம். இவளுக்குக் கிழவியும் பாவம் இவனும் பாவம்" என்றார். "ஆளுக்காள் நல்ல பிள்ளையளா இருந்து என்ர வேலியைக் கிழிச்சுப்போட்டியள்."

பிறகு அட்டையை ஆரணியுடைய கையிலேயே தள்ளிவிட்டார். "இண்டையிலிருந்து கோட்டுக்குப் போகமுதல் வாரை நீ பிடிச்சு இழுத்துப் பார். நோகுது எண்டு அழுதாலும் விடாதை. எஞ்சினுக்கு அவன்ரை அழுகை விளங்காது." என் பக்கம் திரும்பி, "நீங்கள் முதலாவது வளைவுக்குப் போங்கோ. கத்திரிக்கோல் உள்ளை கொண்டுவரக் கூடாது" என்றார்.

புது மெக்கானிக் மூண்டு றோல்ஸ் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனான். கோபம் இல்லை அவனுக்கு.

வெளியே வரும்போது ஆரணி எனக்குப் பின்னால் ஓடி வந்தாள். ஏதோ சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். "அம்மம்மா, நூலைத் தாங்கோ, நிலத்திலை எறியாதேங்கோ" என்றாள். நான் எறிவேனோ. கைப்பைக்குள் திருநீற்றுப் பொட்டலத்தோடு வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மரத்தடியில் போடலாம். அவனைக் காக்கிறவருக்கு அவனுடைய விலாசம் தெரியும்.

ரெண்டாவது றேஸ். கோட்டில் ஆரணி குனிந்து ஜறட்டின் வலக்கையைப் பிடித்து இழுத்ததை நான் தூரத்திலிருந்தே கண்டேன். அவன் முகத்தைச் சுளித்திருப்பான், ஹெல்மெற்றுக்குள் தெரியவில்லை. கோட்டுக்கு முன்னால் கட்டியிருந்த நாடா எழும்பினது. ஜறட்தான் முன்னுக்கு. ஒரு சுற்று. ரெண்டாவது சுற்றில் எங்களுக்கு நேரே, முன் சில்லு பள்ளத்தில் பிடித்து அவனைத் தூக்கிப் போட்டது. பெரில் என்ர கையைப் பிடித்தாள். பின்னால் வந்த வெள்ளை ஹெல்மெற்காரன் இவனில் ஏறாமல் தன்ர மோட்டச்சைக்கிளைத் தானே சரித்து விழுந்தான். அப்படிச் செய்கிறவன்தான் ஓட்டக்காரன், எந்த ஊர்க்காரனாக இருந்தால் என்ன.

ஜறட்டின் மோட்டச்சைக்கிள் வேலியைப் பார்த்துச் சறுக்கிக்கொண்டு வந்தது. சத்தமே இல்லாமல் வந்தது. அவன் கை விட்ட இடத்திலேயே எஞ்சின் நின்றுவிட்டது. மெத்தையில் மெல்ல முட்டி, அப்படியே சாய்ந்து படுத்துக்கொண்டது, களைத்துப்போன மாடு மாதிரி. ஏழு வருசமாக நான் இரைச்சலைக் கேட்கத்தான் இஞ்சை வருகிறேன். இண்டைக்குத்தான் நிற்கிற சத்தத்தைக் கேட்டேன். அது எவ்வளவு வடிவு என்று பெரிலுக்குச் சொல்ல வெளிக்கிட்டேன், என்ர இங்கிலீசில் அது வரவில்லை.

ஜறட் எழும்பி மண்ணைத் தட்டினான். வலக்கையைத் தூக்கிக் காட்டினான். வார் மணிக்கட்டில் இருந்தது, கயிறு தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த றேஸில் அவனுக்குப் புள்ளி இல்லை. கொக்குகள் 44, வந்தவர்கள் 46. அந்த ஒரு விழுகையால் தோற்றுப்போனோம் என்று பெரில் கவலைப்பட்டாள். ஆரணி சாமான் ஏற்றிக்கொண்டு வரச் சுணங்கும் என்றபடியால் நாங்கள் ரெண்டு பேரும் பஸ்ஸில் வந்தோம். எனக்குப் பக்கத்தில் ஒரு மனிசன் இருந்தார். விழுந்தவுடனே ஒரு எஞ்சின் நின்றதே, கண்டனீங்களோ, அது என்ர பேத்தி பூட்டினது என்றேன். தான் றேஸுக்குப் போகவில்லை, ஆசுப்பத்திரியில் வேலை முடிந்து வருகிறேன் என்றார். பரவாயில்லை என்று முதலிலிருந்து சொன்னேன்.